காதுக் கல்லில் ஒரு கோடு

இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்தெட்டு வயது, சீடருக்கு ஐம்பத்தொன்று. மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அப்படித்தான்.

குரு, டாக்டர் பிளாரன்ஸ் மச்சாது. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருந்த ஒரு மீன் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. சீடர், குத்தாலிங்கம். தென்காசிப் பக்கத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தி நடத்தித் தொண்டை வறண்டவர். பிள்ளைகளெல்லாம் கரையேறிய பிறகு, தானும் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்க வேண்டும் என்று நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தார். வீட்டில் சிரித்தார்கள். மனிதர் அசரவில்லை.

சீடர் குருவை ‘மேடம்’ என்பார். குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார். யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் குழம்பும்.

பாடம் இதுதான். மீன் குஞ்சின் காதுக்குள் பொடிசாக ஒரு கல் இருக்கும். எலும்பு மாதிரி கெட்டியாக இருக்கும். நாளுக்கு ஒரு வளையமாக அது வளரும். தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறதோ அது குஞ்சின் ரத்தத்துக்குப் போய், அங்கிருந்து கல்லுக்கும் போகிறது. தண்ணீரில் உப்பு கூடினால் வளையம் ஒரு மாதிரி இருக்கும். புளிப்பு ஏறினால் வேறு மாதிரி. பால்மீன் குஞ்சுகளை மூன்று தொட்டிகளில், மூன்று விதத் தண்ணீரில் வளர்த்து, வளையங்கள் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பது குத்தாலிங்கத்தின் வேலை.

வந்த புதிதில் அவர் கேட்டார்.

“மேடம், தண்ணி மாறுனது வெளியில. கல்லு இருக்கது மண்டைக்குள்ள. அதுக்கு எப்படி மேடம் தெரியும்?”

பிளாரன்ஸ் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். குத்தாலிங்கம் ஒரு வாய் குடித்தார். முகம் கோணிவிட்டது.

“என்ன அண்ணாச்சி?”

“ஒண்ணுமில்ல மேடம். டீ நல்லாத்தான் இருக்கு.”

“சும்மா சொல்லுங்க.”

“போர் தண்ணியில போட்டுட்டீங்க போல. உப்புக் கரிக்கி.”

“போர் எங்க இருக்கு?”

“வெளியில, காம்பவுண்டு சுவரோரமா.”

“உங்க நாக்கு எங்க இருக்கு?”

குத்தாலிங்கம் டம்ளரைப் பார்த்தார்.

“குடிச்சேன், தெரிஞ்சுது,” என்றார்.

“அதுவும்தான் குடிக்கி,” என்றார் பிளாரன்ஸ். அந்த டீயை அவர் வாங்கிக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரில் வேறு டீ போட்டுக் கொடுத்தார்.

அப்படியான குரு.

கல்லைக் கண்ணாடித் துண்டில் ஒட்ட நிறமில்லாத நகப்பூச்சு வேண்டும். அதை வாங்கப் பெரிய மீசையோடு ஃபேன்சி ஸ்டோருக்குப் போனார் குத்தாலிங்கம். “வீட்டம்மாவுக்கா சார்?” என்று கேட்டார் கடைக்காரர். “இல்ல, மீனுக்கு,” என்றார் இவர். கடைக்காரர் அதற்கப்புறம் அவரிடம் வாயே கொடுக்கவில்லை.

ஒட்டிய கல்லை மெல்லிய உப்புத்தாளில் வைத்துப் பைய பையத் தேய்க்க வேண்டும். வளையம் தெரிகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். ஆரம்பத்தில் குத்தாலிங்கம் தேய்த்த தேய்ப்பில் கல்லே காணாமல் போனது. அன்றைக்கு அவர் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை.

“ஒரு உயிரை வீணாக்கிட்டேன் மேடம்.”

“ஆமா,” என்றார் பிளாரன்ஸ். ஆறுதலெல்லாம் சொல்லவில்லை. தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாதியை மூடியில் வைத்து அவர் பக்கம் தள்ளினார். “சாப்பிடுங்க. சாப்பிடாத கை நடுங்கும். அடுத்த கல்லும் போயிரும்.”

இன்னொரு நாள், எந்தக் கல் எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்று தெரியாதபடி கண்ணாடித் துண்டுகளின் மேல் ஒட்டுத்தாளை ஒட்டி மறைத்துக் கொடுத்தார். குத்தாலிங்கத்துக்குச் சுருக்கென்றது.

“என்மேல நம்பிக்கை இல்லையா மேடம்?”

“உங்கமேல இருக்கு அண்ணாச்சி. உங்க ஆசைமேல இல்ல.”

குத்தாலிங்கம் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவராகவே ஒட்டுத்தாள் வாங்கி வந்தார்.

இனி, பூஜை சமாச்சாரத்துக்கு வருகிறேன்.

முதல் வருஷம் ஆயுத பூஜைக்குக் குத்தாலிங்கம் ஊருக்குப் போகவில்லை. ஆய்வுக்கூடத்திலேயே கொண்டாடிவிட்டார். மைக்ராஸ்கோப், கத்தரி, தராசு, இடுக்கி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார். பொரியும் சுண்டலும் வந்தன. “இன்னிக்குக் கருவியைத் தொடப்படாது மேடம். வருஷம் பூரா உழைக்குல்லா, அதுக்கும் ஒரு நா ஓய்வு வேணும்,” என்றார். பிளாரன்ஸ் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பெண். அவருக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. “கத்தரிக்குக்கூட ஓய்வு குடுக்கீங்களே அண்ணாச்சி,” என்று சுண்டலை இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த வருஷம் குத்தாலிங்கம் பூஜைக்கு ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. தொட்டிகளில் குஞ்சுகள் வளர்ந்துகொண்டிருந்தன. கிளம்பும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“மேடம், தப்பா நெனைக்காதீங்க. நம்ம கருவிகளுக்கு எனக்குப் பதிலா ஒரு பொட்டு மட்டும் வச்சிருவீங்களா?”

“அதெல்லாம் ஜம்முன்னு செஞ்சிருதேன். நீங்க போயிட்டு வாங்க.”

பூஜைக்கு மறுநாள் மத்தியானம் அவர் திரும்பி வந்தபோது எல்லாவற்றுக்கும் பொட்டு இருந்தது. கத்தரிக்கு, தராசுக்கு, காற்றுக் குழாய்க்கு. தண்ணீரைச் சுற்றி ஓட வைக்கிற மோட்டாருக்கு மட்டும் சந்தனத்தை ரூபாய் அகலத்துக்கு அப்பி நடுவில் குங்குமம். அதைப் பார்த்துக் குத்தாலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நமக்காக இந்த அம்மா இவ்வளவு செய்திருக்கிறாளே என்று அவ்வளவு சந்தோஷம்.

குஞ்சுகள் வளர்ந்தன. எடுக்க வேண்டிய நாளில் எடுத்தார்கள். குத்தாலிங்கம் கற்களைத் தேய்த்துப் பார்க்க ஆரம்பித்தார். கை பழகிவிட்டது, வளையங்கள் பளிச்சென்று தெரிந்தன.

கூடவே ஒரு கோடும் தெரிந்தது.

வளையங்களுக்கு நடுவே கறுப்பாக, அழுத்தமாக ஒரு கோடு. தண்ணீர் திடீரென்று கெட்டுக் குஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் அப்படிக் கோடு விழும். புளிப்பேற்றிய தொட்டியில் இருந்தால் கேள்வி இல்லை. ஆனால் ஒட்டுத்தாளை உரித்துப் பார்த்தால், மூன்று தொட்டிக் குஞ்சுகளுக்கும் அதே கோடு. எதையுமே மாற்றாமல் சுத்தக் கடல் தண்ணீரில் வளர்த்த குஞ்சுக்கும் அதே கோடு.

முதலில் தன்னையே சந்தேகப்பட்டார். தேய்த்ததில் கீறலோ என்று வேறு கற்களை எடுத்தார். அவற்றிலும் இருந்தது. விளிம்பிலிருந்து உள்பக்கமாக, வளையம் வளையமாக, நாள் நாளாக எண்ணிக்கொண்டே போனார். கணக்கு, அவர் ஊரில் பூஜையில் உட்கார்ந்திருந்த நாளில் போய் நின்றது.

குத்தாலிங்கம் கற்களைப் பெட்டியில் வைத்து மூடினார். சாயங்காலம் சும்மா பேசுவது மாதிரி கேட்டார்.

“மேடம், போன பூஜைக்கு மோட்டாருக்குப் பொட்டு வச்சீங்களே, அது ஓடிக்கிட்டிருக்கும்போதேவா வச்சீங்க?”

“ஓடுற மோட்டாருக்கு யாராவது பொட்டு வைப்பாங்களா? அணைச்சிட்டுத்தான்.”

“வச்சிட்டு உடனே போட்டுட்டீங்க, என்ன?”

“எப்படிப் போடுவேன்? நீங்கதானே சொன்னீங்க, கருவிக்கு அன்னிக்கு ஓய்வுன்னு. மறுநாள் விடியவும்தான் போட்டேன்.” பிளாரன்ஸ் பெருமையாகச் சிரித்தார். “காத்துக் குழாயை மட்டும் விட்டுவச்சேன். மூச்சு குடுக்கிற மிஷினுக்கு லீவு கிடையாதுல்லா. ஒரு நா ஓட்டம் நின்னா தண்ணிக்கு என்ன ஆயிரப்போகுது? பண்டிகையாச்சேன்னு குஞ்சுகளுக்கும் தீனி ஒரு கை கூடவே போட்டேன்.”

“ரொம்ப சந்தோசம் மேடம்,” என்றார் குத்தாலிங்கம்.

வெளியே வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊரில் ஃபிரிட்ஜுக்கும்தான் பொட்டு வைக்கிறார்கள், ஃபிரிட்ஜை எவன் அணைக்கிறான்? இந்த விவரம் நம் வீடுகளில் யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. அந்த அம்மாவுக்கு மட்டும் எப்படித் தெரியும்? ஓட்டம் நின்று, போட்ட தீனி மக்கி, தண்ணீர் ஒரே நாளில் புளித்திருக்கிறது. மூன்று தொட்டிக்கும் வடிகட்டி தனித்தனி என்றாலும், எல்லாவற்றையும் ஓட்டுவது அந்த ஒரே மோட்டார்.

கோட்டைப் பற்றி எழுதாமல் விட முடியாது. கற்களைப் பார்க்கிற யாருக்கும் அது தெரியும். எழுதினால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் ஆய்வை நடத்துகிற மேடமே மோட்டாரை அணைத்தார் என்று எழுத வேண்டும். அந்த மாசம்தான் நிலையத்துக்குத் தலைமைப் பொறுப்பை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய மேலிடத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. பேச்சில் அடிபட்ட பெயர்களில் பிளாரன்ஸ் பெயரும் ஒன்று. வேண்டாதவர்கள் கையில் இது கிடைத்தால் மென்று துப்பிவிடுவார்கள்.

குத்தாலிங்கம் இரண்டு நாள் யோசித்தார். அப்புறம் தன் ஆய்வேட்டில் அந்தக் கோட்டுக்கு நேராக எழுதினார்: ‘அன்று நிலையத்தில் மின்தடை ஏற்பட்டது.’

நம் பக்கத்தில் கரண்ட் போயிற்று என்றால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள் அல்லவா? அந்த தைரியம்தான்.

பிளாரன்ஸ் அதைப் படித்துவிட்டு அவரைக் கூப்பிட்டார்.

“உக்காருங்க அண்ணாச்சி. பூஜையன்னிக்குக் கரண்ட் போச்சா?”

“போயிருக்கும் மேடம்.”

“நான் இங்கதானே இருந்தேன்.”

“நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க.”

“கரண்ட் போனா காத்துக் குழாயும் நின்னிருக்கும்லா?”

குத்தாலிங்கம் ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார்.

“காத்து நின்னா குஞ்சு பூரா செத்துல்லா மிதந்திருக்கும். ஒண்ணுகூடச் சாகலையே. பொய் சொல்லதுக்கும் கொஞ்சம் விலங்கியல் தெரியணும் அண்ணாச்சி.” சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். அவருக்குப் பிடிபட்டுவிட்டது. “மோட்டார்,” என்றார்.

“மேடம், அது வந்து…”

“நானா?”

“மேடம்…”

“அட மாதாவே! தீனியை வேற அள்ளி அள்ளிப் போட்டேனே!” பிளாரன்ஸ் இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். “பாவம், அன்னிக்குப் பூரா அந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் திணறியிருக்கும்!”

 பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீரும் வந்தது. குத்தாலிங்கத்துக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“அன்னிக்கு சாயங்காலம் கேட்டேன்லா, அப்பவே.”

“ஏன் சொல்லல?”

“எப்படிச் சொல்ல? எனக்காகத்தானே செஞ்சீங்க. நான் ஒரு கிறுக்கன், பொட்டு வைங்கன்னு சொல்லிட்டுப் போனேன், மோட்டாரை அணைக்காதீங்கன்னு சொல்லாமப் போயிட்டேன்.”

“அணைச்சது என் கை அண்ணாச்சி. மின்தடையை அடிச்சிட்டு, நடந்ததை எழுதுங்க.”

“எழுத மாட்டேன் மேடம்.”

“என்னது?”

“எழுத மாட்டேன். அடுத்த வாரம் ஆள் வாறாங்க. ஆய்வை நடத்துற அம்மாவே மோட்டாரை அணைச்சுச்சுன்னு அவங்க படிப்பாங்க. உங்க பேரு கெட்டுப்போகும். வேணும்னா நான் அணைச்சேன்னு எழுதுதேன்.”

“நீங்கதான் ஊர்லயே இல்லையே.”

“அப்ப இந்த ஆராய்ச்சியே வேண்டாம். எல்லாத்தையும் கட்டி வச்சிட்டு நான் பள்ளிக்கூடத்துக்கே போறேன்.”

ஐம்பத்தொரு வயசு மனிதர் பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். பிளாரன்ஸ் அவரையே பார்த்தார். கோபமாகத்தான் ஆரம்பித்தார், கோபம் நிற்கவில்லை.

“உங்களுக்கு என்னதான் பிரச்சினை அண்ணாச்சி? பைய சொல்லுங்க.”



“ஊர்ல என்னைப் பாத்துச் சிரிச்சாங்க மேடம். நீங்க சிரிக்கல. கல்லு தொலைஞ்ச அன்னிக்கு உங்க சோத்துல பாதியைக் குடுத்தீங்க. இந்த வயசுக்கு மேல ஒரு மனுசனுக்கு இப்படி ஒரு வாத்தியார் கிடைக்கது லேசா? உங்கமேல எனக்கு அவ்வளவு பிரியம். ஒருத்தர்மேல பிரியமும் வச்சுக்கிட்டு, அவங்க செஞ்ச தப்பையும் எழுதி வைக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க மேடம்.”

பிளாரன்ஸ் எழுந்தார். பெட்டியிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்தார். கடல் தண்ணீர்த் தொட்டிக் குஞ்சு ஒன்றின் கல். மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, திருகித் திருகிப் பார்வைக்குக் கொண்டுவந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“பாருங்க.”

குத்தாலிங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்தார்.

“கோடு தெரியுது மேடம்.”

“கோட்டை விடுங்க. அதுக்கு அடுத்த வளையத்தைப் பாருங்க.”

கொஞ்சம் திருகினார்.

“நல்லா அகலமா இருக்கு. சுத்தமா இருக்கு.”

“அப்படின்னா?”

“மறுநா காலையில வயிறு நெறயச் சாப்பிட்டிருக்கு.”

“வேற ஒண்ணைப் பாருங்க.” துண்டை மாற்றி வைத்தார்.

“இதுவும் அப்படித்தான் மேடம்.”

இன்னொன்று வைத்தார். இன்னொன்று. எல்லாமே அப்படித்தான் இருந்தன.

“நீங்க ஊர்லருந்து மத்தியானம்தான் வந்தீங்க,” என்றார் பிளாரன்ஸ். “காலையில தீனி போட்டது யாரு?”

“நீங்கதான்.”

“நான் தொட்டிப் பக்கத்துல போறேன், அத்தனை குஞ்சும் துள்ளிக்கிட்டு என் கைக்கு வந்துச்சு அண்ணாச்சி.”

குத்தாலிங்கம் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“முந்தின நா நான் செஞ்சதை ஒண்ணுவிடாமக் காதுக்குள்ள எழுதி வச்சுக்கிட்டுத்தான் வந்துச்சு.”